பட்டியல் மட்டும் உயிர் காக்குமா?

சத்திரசிகிச்சைக்கூடத்தினுள் செல்லும் நோயாளி தன் உயிரையே அங்குள்ளோர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடுகின்றான். வயலில் உழைப்பவனாயினும் சரி, கந்தோரில் கடமை புரிபவனாயினும் சரி, மயக்கமருந்து ஏறியபின் தனக்காகப் பேச அவனால் இயலாது. அவனுக்காகப் பேசும் கடமை அங்கு நிற்கும் ஒவ்வொருவருக்கும் உரியதாகின்றது. அக்கடமையை ஞாபகசக்தியிடம் மாத்திரம் விட்டுவிடாது ஓர் ஒழுங்கினுள் கொண்டுவரும் பொருட்டே, உலக சுகாதார ஸ்தாபனம் 2008ஆம் ஆண்டில் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது.

அப்பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்குவது. 19 அம்சங்களைக் கொண்டது. மயக்கமருந்து கொடுக்குமுன் நோயாளி யார், எந்த உறுப்பில் என்ன சிகிச்சை என்பன அவன் வாயாலேயே உறுதிசெய்யப்படல் வேண்டும். கத்தி வைக்குமுன் குழுவினர் யாவரும் ஒரு கணம் நின்று, தத்தம் பெயரையும் பணியையும் கூறி, யாவும் சரியோ என ஒருவரையொருவர் கேட்டறிதல் வேண்டும். நோயாளி கூடத்தைவிட்டு வெளியேறுமுன் கருவிகளும் பஞ்சுத் துணிகளும் ஊசிகளும் எண்ணிச் சரிபார்க்கப்படல் வேண்டும். இதற்குச் செல்வது சில நிமிடங்களே. கோடிக்கணக்கான ரூபாய் பெறுமதியான யந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

இதன் பயனை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. புதுடில்லி, மணிலா, அம்மான், லண்டன், ரொறன்ரோ முதலிய எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் இது கையாளப்பட்டபோது, சத்திரசிகிச்சை பெற்றோரிடை மரணம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. கடும் சிக்கல்கள் 11இலிருந்து 7 ஆகக் குறைந்தன.

ஆயின் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் கற்பித்த பாடம் வேறு. அங்கு 101 வைத்தியசாலைகள் பட்டியலை ஏற்றன. அதனை ஏறக்குறைய எப்போதும் பயன்படுத்துவதாக அறிக்கையும் கொடுத்தன. எனினும் மரணங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என 2014இல் வெளியான ஆய்வு கூறிற்று. கட்டங்களில் குறி விழுந்தமை வேறு, காரியம் நடந்தமை வேறு என்பதே இதனை ஆராய்ந்தோர் பலர் கூறிய விளக்கம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்று நம் முன்னோர் சொன்னது இங்கும் பொருந்துகின்றது.

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளோ ஊழியர் குழுக்களையே பயிற்றின. பழக்கத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம் என அவை எண்ணவில்லை. முன்னேற்பாடு செய்து, வைத்தியரும் தாதியரும் ஒன்றாக அமர்ந்து பயின்றபின், ஓராண்டுகாலம் காலாண்டுதோறும் வழிகாட்டல் தொடர்ந்தது. பயிற்சி பெற்ற 74 நிலையங்களில் மரண வீதம் நூற்றுக்கு 18 பங்கு குறைந்தது. பயிற்சி பெறாத 34 நிலையங்களில் 7 பங்கே குறைந்தது என 2010இல் வெளியான ஆய்வு காட்டுகின்றது.

பயிற்சி என்பது பட்டியலை வாசிக்கக் கற்பித்தலன்று. தவறொன்றைக் காணும் இளந்தாதி, “ஐயா, சற்றுப் பொறுங்கள்” என்று சொல்லும் துணிவைப் பெறுதலும், அதனைக் கேட்டு நிற்கும் பெருந்தன்மையை நிபுணர் பெறுதலுமே பயிற்சி. பெரியவர்முன் வாய்திறத்தல் மரியாதைக் குறைவு எனக் கருதும் நம் சமூகத்தில் இது தானாக வாராது. நிபுணர்களே முன்னின்று பழக்கினாலன்றி எந்தச் சுற்றறிக்கையும் இதனைச் சாதிக்கமாட்டாது.

ஆளணிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டுவோர் இருப்பர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து வைத்தியர் பலர் நாட்டைவிட்டு நீங்கியது உண்மையே. அதனாலேயே பயிற்சி மேலும் அவசியமாகின்றது. பழகிய கைகள் போய்ப் புதிய கைகள் வருமிடத்தில் ஒழுங்கே துணை.

தமிழ் மக்களுக்கு இதில் இன்னுமொரு முக்கிய விடயம் உண்டு. பட்டியலின் முதல் வினா நோயாளியிடமே கேட்கப்படுகின்றது. விளங்காத மொழியில் கேட்ட வினாவுக்குத் தலையசைப்பது உறுதிப்படுத்தல் ஆகுமா? தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியென அரசியலமைப்பு கூறுகின்றது. உள்ளூர் வழக்கத்துக்கேற்பப் பட்டியலைத் திருத்தியமைக்க உலக சுகாதார ஸ்தாபனமும் இடமளித்துள்ளது. எனவே தமிழ் நோயாளி இத்தீவின் எந்த வைத்தியசாலையில் படுத்திருந்தாலும் அவ்வினா தமிழிலேயே கேட்கப்படல் வேண்டும். இது சலுகையன்று, உரிமை.

சுகாதார அமைச்சும் மாகாண நிர்வாகங்களும் செய்யவேண்டியவை தெளிவானவை. நிபுணர் முதல் சிற்றூழியர் வரை குழுவாகப் பயிற்றுக; புதிதாகச் சேர்வோரைக் கூடத்தினுள் விடுமுன் பயிற்றுக; நிரப்பிய தாள்களை எண்ணுவதை விடுத்து, நடைமுறையை நேரில் நின்று பார்வையிடுக; தமிழிலும் சிங்களத்திலும் வினாக்களைக் கேட்க ஊழியரைப் பழக்குக. மயங்கிக் கிடப்பவன் கேட்கமுடியாததை விழித்திருக்கும் நாம் கேட்டேயாக வேண்டும்.