பிள்ளைக்காக ஓடுகிறோம், உயில் எங்கே?

எல்.கே.ஜி. சீட்டுக்கு விடியுமுன் வரிசையில் நிற்கிறோம். பெண் பிறந்த கையோடு செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குகிறோம். உயில் என்று பேச்செடுத்தால் மட்டும், "நல்ல நாளும் அதுவுமா இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்று வாயை அடைக்கிறோம். சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களே, உங்கள்மேல் எனக்குக் கோபம்தான்.

"எனக்குப் பிறகு எல்லாம் பெண்டாட்டி பிள்ளைக்குத்தானே" என்கிறீர்கள். நீங்கள் நினைக்கிறபடி போகாது. வீடு உங்கள் சுயசம்பாத்தியம், பத்திரம் உங்கள் பெயரில். மூன்றாம் வகுப்பில் ஒரு மகள், ஊரில் அம்மா. உயில் எழுதாமல் நீங்கள் போய்விட்டால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகள், அம்மா மூவருக்கும் ஆளுக்கொரு பங்கு. அம்மாவும் உயில் எழுதாமல் காலமானால், அவர் பங்கில் உங்கள் அண்ணனும் தங்கையும் வாரிசாக வந்து நிற்பார்கள். கடனை அடைக்க வீட்டை விற்கலாமென்று உங்கள் மனைவி நினைத்தால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மகளின் பங்கை விற்கவோ, பெற்ற தாயே ஆனாலும், நீதிமன்ற அனுமதி வேண்டும். வாரிசுச் சான்றிதழும் வில்லங்கச் சான்றும் கையில் வைத்துக்கொண்டு அவர் தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அலையும் அந்த வருஷத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டுவது யார்?

அம்மாவை ஒதுக்கச் சொல்லவில்லை. அவருக்கு என்ன தர வேண்டுமோ அதை நீங்களே எழுதிவையுங்கள் என்கிறேன்.

"அதான் நாமினி போட்டாச்சே!" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வங்கியில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர், அவ்வளவுதான். வாரிசுகள் தங்கள் பங்கைக் கேட்கலாம். கம்பெனிப் பங்குகளிலும் நாமினி சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீடு மட்டும் வேறு: 2015 சட்டத் திருத்தத்துக்குப் பின், மனைவியோ பிள்ளையோ பெற்றோரோ நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே.

எழுதுவது பெரிய காரியமும் அல்ல. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை; ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் வம்பு குறையும். நீங்கள் கையெழுத்திடுவதை இரண்டு பேர் பார்த்து, உங்கள் கண்முன்னே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்களைவிட இளையவர்களாகப் பாருங்கள். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாக்காதீர்கள். எழுதிவிட்டால் சொத்து கைவிட்டுப் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் உயிலையும் செட்டில்மென்ட் பத்திரத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். உயில் எழுதியவர் இருக்கும்வரை சொத்து அவருடையதே. மனம் மாறினால் மாற்றி எழுதலாம். (கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசுப் பங்கு வேறு. ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.)

வீடும் நகையும்கூட இருக்கட்டும். தீபாவளிக்கு ஒரே காரில்தானே ஊருக்குப் போகிறீர்கள்? இருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை வளர்ப்பது சித்தியா, அத்தையா? யார் காப்பாளர் என்று உயிலில் எழுதிவைக்கச் சட்டம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடம் தந்திருக்கிறது. இருவரும் தனித்தனி உயிலில் ஒரே பெயரை எழுதுங்கள். எழுதுமுன் அவரிடம் நேரில் போய்க் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள்.