ஆய்வாளரும் மேற்கோட் களஞ்சியமும்

பிறர் நூலிலிருந்து ஒரு கருத்தை எடுத்தாள்வோர், அஃது எவருடையது, எந்நூலில் எப்பக்கத்தில் உள்ளது என்பதைக் காட்டுதல் கடனாகும். இதனை நன்றியறிதல் என்ற அளவிற் கொள்ளுதல் போதாது. படிப்போர் தாமே மூலத்தைச் சென்று பார்த்து, எழுதியவர் கூற்று மெய்யோ பொய்யோ எனத் துணிவதற்கு வகுத்த வழியும் அதுவேயாம். அவ்வழி தூர்ந்துபோகாவண்ணம் காக்கும் வகை பற்றி, பல்கலைக்கழகங்களிற் பயிலும் எம் இளவல்களுக்கும் அங்குப் புகவிருக்கும் மாணவர்க்கும் சில கூற விரும்புகின்றோம்.

யாம் ஆய்வுக்கட்டுரை எழுதிய காலத்திற் கணினி எம் கைக்கு எட்டியதன்று. நூலொன்றுக்கு ஓர் அட்டை என எழுதி, அகரவரிசையில் அடுக்கிச் சப்பாத்துப் பெட்டிகளில் வைத்திருந்தோம். கட்டுரையை ஒப்படைக்கும் வாரத்திற் பதினோர் அட்டைகளிற் பக்க எண் இல்லாமை கண்டு, அதன்பொருட்டே இரவுப் புகைவண்டியேறிக் கொழும்பு நூலகமொன்றுக்குச் சென்றோம். அங்கு ஒன்பதுக்கே விடை கிடைத்தது. ஏனைய இரண்டு மேற்கோள்களையும் கட்டுரையினின்று நீக்கினோம். நல்ல மேற்கோள்கள் அவை. ஆயினும் வேறு வழியிருந்திலது.

இன்று அவ்வட்டைகளின் பணியை மென்பொருள்கள் செய்கின்றன. நூல், கட்டுரை ஆகியவற்றின் விவரங்களை ஒருமுறை பதிந்து வைத்தால், எழுதும்போது வேண்டிய இடத்திற் குறிப்பை இட்டு, இறுதியில் நூற்பட்டியலையும் அவை தாமே அமைத்துத் தருகின்றன. ஓர் ஆய்விதழ் கேட்கும் முறையினின்று மற்றொன்று கேட்கும் முறைக்கு மாற்றுவதும் நொடிப்பொழுது வேலையே. இத்தகையன பல இருத்தலால், எதனைத் தேர்வது என்ற வினா எழுகின்றது.

வசதிகளின் பட்டியலை வைத்து இதற்கு விடை காண முயல்வோர் பலர். யாம் வேறொரு வினாவை முன்வைக்கின்றோம்: இன்று உள்ளே இடும் குறிப்புக்களை, நாளை வேண்டியபோது முழுமையாக வெளியே எடுத்துச் செல்ல இயலுமா? ஆய்வாளன் ஒருவன் நாற்பது ஆண்டு குறிப்பெடுப்பான். மென்பொருள் அத்துணைக் காலம் வாழும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு காலத்தில் மருத்துவத் துறையினர் பெரிதும் கையாண்ட ரெஃபரன்ஸ் மனேஜர் என்பதன் விற்பனை 2015ஆம் ஆண்டின் இறுதியுடன் நிறுத்தப்பட்டது.

மெண்டலி என்பதன் வரலாறும் நோக்கற்பாலது. 2008இல் வெளிவந்து, இளம் ஆய்வாளரிடையே விரைந்து பரவிய இதனை, 2013இல் எல்சேவியர் என்னும் பதிப்பு நிறுவனம் வாங்கிற்று. 2018இற் பயனாளரின் கணினியிலுள்ள தரவுக்கோப்பு மறைகுறியாக்கப்பட்டது. பொது வடிவங்களிற் குறிப்புக்களை வெளிக்கொணரும் வழி இருந்ததேனும், பிற மென்பொருள் அக்கோப்பை நேரே படித்துக்கொள்ளும் வழி அடைபட்டது. கைப்பேசிச் செயலி 2021இல் நிறுத்தப்பட்டது. பழைய மேசைக்கணினிப் பதிப்பும் 2022இல் வழங்காதொழிந்தது.

என்ட்நோட் என்பது 1980களின் இறுதியில் தோன்றியது; ஆற்றல் மிக்கது; விலை கொடுத்துப் பெறுவது. பல்கலைக்கழகங்கள் பல தம் மாணவர்க்கு அதன் உரிமத்தை வாங்கி வழங்குகின்றன. ஆயின் பட்டம் பெற்று வெளியேறும் மாணவனுக்கு அவ்வுரிமை தொடர்தல் அரிது. கற்கும்போது இலவசமாய்த் தோன்றியது, கற்பிக்கப் புகும்போது செலவாகின்றது.

இவற்றை ஒப்புநோக்கி, கலை, சமூகவியற் றுறையினர் பெரும்பாலோர்க்கு யாம் பரிந்துரைப்பது சொட்டேரோ என்பதையே. அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையினர் 2006இல் இதனை வெளியிட்டனர். இலவசமானது, மூலநிரல் எவரும் காண விடப்பட்டுள்ளது, இலாபநோக்கற்ற அமைப்பொன்றாற் பேணப்படுகின்றது. இணைத்து வைக்கும் கோப்புக்களுக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் இணையக் களஞ்சியம் வேண்டுவோரே பணம் செலுத்துதல் வேண்டும். என்ட்நோட்டின் அந்நாள் உரிமையாளரான தொம்சன் ரொய்ட்டர்ஸ் நிறுவனம், தன் கோப்பு வடிவத்தை இது படிக்கின்றது என 2008இல் வழக்குத் தொடுத்தது. 2009இல் அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று. கணிதம், பௌதிகம் பயில்வோர் லேடெக்கில் எழுதுவராதலின், அவர்க்கு 1985இல் உருவான பிப்டெக் கோப்பே சாலும். அது வெறும் எழுத்துக்கோப்பு. எந்தக் கணினியும் எக்காலத்தும் திறக்கும்.

தமிழ் மாணவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டுவதொன்றுண்டு. இம்மென்பொருள்கள் மேனாட்டுப் பெயர் மரபை எண்ணி அமைந்தவை. எமக்கோ குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரும் தன் பெயருமே உள. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் பெயரை முன்பின்னாக மாற்றிப் பதிந்தால், பட்டியலில் மகனுக்குப் பதிலாகத் தந்தை நூலாசிரியராகி விடுவார். ஒரே ஆசிரியர் இருவராய்ப் பிரிந்து நிற்பதும் உண்டு. சொட்டேரோவிற் பெயர் முழுவதையும் ஒரே கட்டத்தில் எழுதும் வசதியுள்ளது. அதனைப் பயன்படுத்துக, பதிந்தவற்றை நூலின் முகப்புப் பக்கத்தோடு ஒப்பிடுக.

கருவி எதுவாயினும் அஃது அறிவுக்கு ஈடாகாது. செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் புனைந்து தருகின்றன. அப்பொய்க் குறிப்பையும் மென்பொருள் மறுக்காது ஏற்று, அழகுறப் பட்டியலிட்டு வைக்கும். முன்னர் அட்டையில் எழுதியவன் நூலைக் கையிலெடுத்தே எழுதினான். கண்ணாற் காணாத நூலைக் களஞ்சியத்திற் சேர்ப்பதில்லை என்னும் நோன்பை எம் மாணவர் மேற்கொள்ளுதல் வேண்டும். சொட்டேரோவை யாம் பரிந்துரைத்தோம் எனினும், இந்நோன்பு இல்லாதவனுக்கு அதனினும் எம் சப்பாத்துப் பெட்டியே மேலானது.

ஈற்றில் ஒரு வேண்டுகோள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஓரிடத்தில் மாத்திரம் உள்ளது, இல்லாததற்கு ஒப்பாம் என்பதை எம் தலைமுறை அன்று கற்றது. 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கி யாவரும் காண வைத்துவருவது அப்பாடத்தின் பயனே. எம் கல்லூரிச் சஞ்சிகைகளில் வெளிவந்த கட்டுரைகளுக்கோ இன்றுவரை ஒரு பட்டியல்தானும் இல்லை.

பழைய மாணவர் சங்கத்தார் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, உயர்தர வகுப்பு மாணவர்க்கு இம்மென்பொருளைப் பழக்குவாராக. அம்மாணவர் பழைய சஞ்சிகைகளை ஒவ்வொன்றாய்த் திறந்து, ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்கம் பதிவாராக. முடிந்த பட்டியலின் பிரதியொன்று கல்லூரி நூலகத்திலும், ஒன்று சங்கச் செயலாளரிடத்தும், ஒன்று கடல்கடந்த கிளையொன்றிலும் இருத்தல் வேண்டும். முதற் சனிக்கிழமைக்கு வந்து உடனிருந்து பதிவதற்கு யாம் ஆயத்தமாயுள்ளோம்.