காற்றில் வரும் துரு



நீலகிரியிலுள்ள வெலிங்டன் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது ராணுவ முகாமும் மலை ரயிலும்தான். அதே வெலிங்டனில் கோதுமைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாக இயங்கி வருகிறது. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் அது. கோதுமை விளைவதோ பஞ்சாபில், ஹரியானாவில், உத்தரப் பிரதேசத்தில், மத்தியப் பிரதேசத்தில். ஆராய்ச்சி மட்டும் எதற்காக இங்கே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், பயிர் நோய்களை ஆராய்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்பது தெளிவாகிவிடும். அவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இந்த இதழின் ஆசிரியர் பக்கத்தை அவர்களுக்கே தருகிறேன்.

கோதுமையைத் தாக்கும் துரு நோய் மூன்று வகை: கருந்துரு, பழுப்புத் துரு, மஞ்சள் துரு. மூன்றுமே பூஞ்சைகளால் வருபவை. இலையிலும் தண்டிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வெடித்து, தொட்டால் விரலில் ஒட்டும் பொடி வெளிவரும். அந்தப் பொடி முழுவதும் பூஞ்சையின் வித்துகள். ஒரு கொப்புளத்திலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். காற்றடித்தால் போதும், பக்கத்து வயலுக்கும் போகும், பக்கத்து மாநிலத்துக்கும் போகும்.

வட இந்தியச் சமவெளியில் ஏப்ரலுக்குள் கோதுமை அறுவடையாகிவிடும். மே, ஜூன் வெயிலில் பச்சைத் தாள் ஒன்றும் மிஞ்சாது. துருவின் வித்தும் அந்தச் சூட்டைத் தாங்காது. அப்படியானால் அடுத்த பருவத்தில் வயலில் மறுபடியும் துரு தோன்றுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? ஐரோப்பாவில் இதற்கு ஒரு விடை இருந்தது. பெர்பெரிஸ் என்ற முட்புதரில் கருந்துரு தன் வாழ்க்கையின் ஒரு கட்டத்தைக் கழித்துவிட்டுக் கோதுமைக்குத் திரும்பும் என்று அங்கே நிரூபித்திருந்தார்கள். இமயமலையிலும் பெர்பெரிஸ் உண்டு. ஆகவே இங்கேயும் அதுதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆக்ரா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த கரம் சந்த் மேத்தா அப்படி விட்டுவிடவில்லை.

1920களில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்த மேத்தா, 1950இல் மறையும்வரை அதை விடவே இல்லை. சமவெளியின் கோடையில் துரு உயிர்வாழ்கிறதா என்று பார்த்தார், இல்லை. பெர்பெரிஸ் புதர்களை ஆராய்ந்தார். இந்தியாவில் நோய் திரும்பி வருவதில் அவற்றுக்குச் சொல்லத்தக்க பங்கில்லை என்று கண்டார். மலைகளைப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. இமயத்தின் அடுக்குகளிலும், தெற்கே நீலகிரியிலும் பழனி மலையிலும், கோடையிலும் குளிர்ச்சி நிலவுகிறது. பருவம் தப்பி விதைத்த கோதுமையிலும், தானாக முளைத்த தாள்களிலும் துரு ஆண்டு முழுக்க உயிரோடு இருந்தது. அங்கிருந்துதான் அது காற்றேறிச் சமவெளிக்கு இறங்கியது. மேத்தா சிம்லாவில் தொடங்கிவைத்த துரு ஆய்வு, அங்குள்ள ஃபிளவர்டேல் நிலையத்தில் இன்றும் நடக்கிறது.

பிறகு 1970களில் நாகராஜன், சிங் என்ற இரு விஞ்ஞானிகள் இன்னொரு படி மேலே போனார்கள். செயற்கைக்கோள் அனுப்பிய மேகப் படங்களையும் வானிலைப் பதிவுகளையும் வயலில் துரு தோன்றிய தேதிகளோடு வைத்துப் பார்த்தார்கள். தென்னிந்தியக் கடலோரத்தில் உருவாகி மத்திய இந்தியாவில் போய் வலுவிழக்கும் புயல், நீலகிரி, பழனி மலைகளின் கருந்துரு வித்துகளைத் தூக்கிச் செல்கிறது. வழியில் பெய்யும் மழை அவற்றைக் காற்றிலிருந்து கழுவி வயலில் இறக்கிவிடுகிறது. எந்த மாதிரி வானிலை அமைந்தால் எந்த வட்டாரத்தில் துரு வரும் என்று முன்கூட்டியே சொல்ல அவர்கள் வகுத்த விதிகள் உலக அளவில் பேசப்பட்டன. ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி வந்தால் நாம் ஏரி நிரம்புமா, பள்ளிக்கு விடுமுறை உண்டா என்று கேட்போம். அதே செய்தியைக் கேட்டு மத்தியப் பிரதேசத்துக் கோதுமை வயலை நினைத்துக் கவலைப்பட்ட மனிதர்களும் இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வெலிங்டன் நிலையத்தின் காரணம் இப்போது புரியும். நீலகிரியில் துரு தானாகவே வரும். அங்கே தாக்குப்பிடிக்கிற கோதுமை வேறு இடத்திலும் தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். அதோடு, மலையில் விதைக்கும் கோதுமையே நோய் தாங்கும் ரகமாக இருந்துவிட்டால், காற்றில் ஏறுகிற வித்தும் குறையும்.

இனி ஆய்வகத்துக்குள் வருவோம். நெல்லின் குலை நோய், நிலக்கடலையின் வேர் அழுகல் போன்றவற்றை உண்டாக்கும் பூஞ்சைகளைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க முடியும். 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகார், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர். பயிர் நோயியல் படிக்க வருகிற எந்த மாணவியும் முதலில் கற்பது இந்தக் கலவையைத்தான். அதை அழுத்தக் கலனில் 121 டிகிரி சூட்டில் கிருமி நீக்கி, தட்டுகளில் ஊற்றி ஆறவைப்பார்கள். நோய் கண்ட இலையில் பட்டுப்போன நடுப்பகுதியை வெட்டி வைத்தால் பயனில்லை. அங்கே வேறு நுண்ணுயிர்கள் குடியேறியிருக்கும். நோய் முன்னேறிக்கொண்டிருக்கும் விளிம்பில், பாதி பழுப்பும் பாதி பச்சையுமாக ஒரு சிறு துண்டு வெட்ட வேண்டும். உண்மையான குற்றவாளி அங்கேதான் இருப்பான். அந்தத் துண்டின் மேற்பரப்பைக் கிருமிநாசினியில் கழுவி, சுத்த நீரில் அலசி, தட்டில் வைத்தால் சில நாளில் வெள்ளை இழை பரவத் தொடங்கும். அதோடு வேலை முடியாது. அந்த இழையை எடுத்து ஆரோக்கியமான செடியில் செலுத்தி, அதே நோய் வருகிறதா என்று பார்த்து, அந்தச் செடியிலிருந்து அதே பூஞ்சையை மறுபடியும் பிரித்தெடுத்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் இன்ன நோய்க்கு இன்ன காரணம் என்று வாய் திறக்க முடியும்.

துரு இந்த வழிக்கு வராது. உயிருள்ள செடி இல்லாமல் அது வளராது. எனவே துருவை ஆராய்கிறவர்கள் தொடர்ந்து நாற்று விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு நாள் வயதான கோதுமை நாற்றின் முதல் இலையை ஈர விரல்களால் மெல்ல நீவி, அதன் மேலுள்ள மெழுகுப் படலத்தை நீக்குவார்கள். வித்துப் பொடியைத் தட்டை ஊசியால் எடுத்துத் தடவி, நாற்றை ஓர் இரவு முழுக்க ஈரம் நிறைந்த மூடிய அறையில் வைப்பார்கள். இரண்டு வாரம் போல ஆனதும் இலையில் வந்த கொப்புளங்களைப் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவார்கள். வெறும் வெளிறிய புள்ளியோடு நின்றுவிட்டதா, சிறு கொப்புளமா, பெரிய கொப்புளமா என்பதை வைத்து, எந்த ரகத்தில் எந்த எதிர்ப்பு மரபணு வேலை செய்கிறது என்று கணிப்பார்கள். நாற்று தயாராகிற நாள் தீபாவளியாக இருந்தாலும் வித்து இட்டாக வேண்டும். இடையில் சங்கிலி அறுந்தால், பாதுகாத்து வந்த ஒரு துரு இனமே கைவிட்டுப் போகலாம்.

இத்தனை பாடு ஏன் என்றால், பூஞ்சை மாறிக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்புத் திறன் உள்ள ரகம் ஒன்றைக் கொடுத்தால், சில ஆண்டுகளில் அதை உடைக்கும் புதிய இனம் தலைதூக்குகிறது. 1998இல் உகாண்டாவில் தென்பட்டு, மறு ஆண்டு அடையாளம் காணப்பட்ட யூஜி99 என்ற கருந்துரு இனம் அப்படிப்பட்டது. உலகின் ஏராளமான கோதுமை ரகங்கள் நம்பியிருந்த எதிர்ப்பு மரபணு ஒன்றை அது உடைத்தது. 2005இல் தொண்ணூறு வயதைக் கடந்த நார்மன் போர்லாக் இதற்காக நாடு நாடாகக் குரல் கொடுத்தார். பசுமைப் புரட்சியின் தந்தை என்று நாம் கொண்டாடும் அவர் முனைவர் பட்டம் பெற்றதே பயிர் நோயியலில்தான். இந்திய ரகங்களும் கென்யாவின் ஞோரோவுக்கு அனுப்பப்பட்டுச் சோதிக்கப்பட்டன. நோய் நம் வாசலுக்கு வருமுன் அதைத் தாங்கும் விதை நம்மிடம் இருக்க வேண்டும் என்பதற்காக எடுத்த முயற்சி அது.

நோய் முந்திக்கொண்டு ஆய்வு பின்தங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு மிக நெருக்கமான சான்று ஒன்று உண்டு. இலங்கை மலையகத்தில் இன்று தேயிலை நிற்கும் இடங்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் காப்பித் தோட்டங்கள். 1869இல் அங்கே காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. பேராதனைத் தோட்டத்திலிருந்து மாதிரி இங்கிலாந்துக்குப் போய், பூஞ்சைக்கு அறிவியல் பெயரும் வைத்தாயிற்று. ஆனால் நோயை முழுமையாக ஆராய ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர் அனுப்பப்பட்டது 1880இல். அதற்குள் பத்தாண்டு போய்விட்டது. வார்டுக்கு அப்போது வயது இருபத்தைந்தை ஒட்டித்தான். கிளிசரின் தடவிய கண்ணாடிகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்துகளைப் பிடித்துக் காட்டினார். வித்து ஈரத்தில் முளைத்து இலைத்துளை வழியே உள்ளே நுழைகிறது என்றும், கண்ணுக்குப் பொடி தெரியும்போது நோய் எப்போதோ உள்ளே இறங்கிவிட்டது என்றும் விளக்கினார். மலை மலையாக இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்கு விருந்து வைத்தது என்பதையும் சொன்னார். தோட்ட முதலாளிகள் எதிர்பார்த்தது மருந்து. அது அவரிடம் இல்லை. காப்பி அழிந்தது.

அந்த அழிவின் சுமை யார் தலையில் விழுந்தது என்று நமக்குத் தெரியும். காப்பிப் பருவத்துக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து போய், பருவம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் பல்லாயிரம் பேர். காப்பி சரிந்தபோது கூலி இழந்து தவித்தார்கள். அதன் இடத்தில் வந்த தேயிலைக்கு ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். குடும்பம் குடும்பமாக லயங்கள் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளில் தங்கினார்கள். மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பூஞ்சைக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியாக வேண்டும்.

இன்றைக்கு அவ்வளவு தாமதம் தேவையில்லை. 2016 பிப்ரவரியில் வங்கதேசத்தில் கோதுமைக் கதிர்கள் திடீரென வெளுத்தன. ஏறத்தாழ 15,000 ஹெக்டேரில் பாதிப்பு. அதுவரை தென் அமெரிக்காவில் கோதுமையை அழித்துவந்த கோதுமைக் குலை நோய் முதல்முறையாக ஆசியாவுக்குள் வந்திருந்தது. விஞ்ஞானிகள் தோஃபஸ்ஸல் இஸ்லாமும், பிரிட்டனில் பணியாற்றும் சோஃபியன் கமூனும், அவர்களுடைய குழுக்களும் வயலிலிருந்து எடுத்த மாதிரிகளின் மரபணுத் தகவலைத் திரட்டி, சில வாரங்களிலேயே உலகுக்குத் திறந்துவைத்தார்கள். கிருமி தென் அமெரிக்க வழி வந்தது என்பது உறுதியானது. எல்லையின் இந்தப் பக்கம் மேற்கு வங்க மாவட்டங்களில் கோதுமை விதைப்பை நிறுத்திவைத்தார்கள். வேகமாகக் கண்டுபிடித்ததைப் போலவே, கண்டுபிடித்ததை மறைக்காமல் உடனே பகிர்ந்துகொண்டதும் போற்றத்தக்கது.

நம் பக்கத்திலும் வேலை நடக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரப்பிய சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா என்ற நோய்த்தடுப்பு நுண்ணுயிர்கள் இரண்டும் இன்று விவசாயிகளின் பேச்சுவழக்குச் சொற்களாகிவிட்டன. ஒரு கிலோ நெல் விதைக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைக்கிறவர்கள், ஓர் ஆய்வகம் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரைத்தான் பயன்படுத்துகிறார்கள். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் இப்போதைய பெருங்கவலைகளுள் ஒன்று, வட மாநிலங்களில் நுழைந்துவிட்ட வாழை வாடல் நோயின் புதிய இனம். ஜி-9 வாழையையே சாய்க்கும் அந்தப் பூஞ்சை மண்ணில் பல பத்தாண்டுகள் தங்கும். தெரியாத தோட்டத்திலிருந்து கன்று வாங்கி வருவதை வாழை விவசாயிகள் தயவுசெய்து நிறுத்திவிட வேண்டும்.

மருத்துவர் காப்பாற்றிய நோயாளி எழுந்து நடந்து வந்து நன்றி சொல்வார். வராமல் தடுத்த நோயை யாரும் பார்ப்பதில்லை. அறுவடையான நெல்லில் எது ஆய்வகத்தால் தப்பியது என்று பிரித்துக் காட்டவும் முடியாது. அதனால்தான் இந்தத் துறைக்குப் புகழும் குறைவு, நிதி கேட்டுப் போராடுவதும் ஓயாத வேலையாக இருக்கிறது. காலியாகும் நோயியல் பணியிடங்களை அரசுகள் உடனுக்குடன் நிரப்ப வேண்டும். ஒரு தலைமுறை விஞ்ஞானி ஓய்வு பெறுமுன் அடுத்த தலைமுறை பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளாவிட்டால், வித்துச் சங்கிலி அறுவதுபோல அறிவுச் சங்கிலியும் அறுந்துபோகும். வேளாண் படிப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நோயியலைத் தேர்ந்தெடுத்தால், பெற்றோர்களே, முகம் சுளிக்காமல் வாழ்த்தி அனுப்புங்கள்.

விவசாய வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிரில் புதிதாக ஏதேனும் நோய் தென்பட்டால், பூச்சிமருந்துக் கடைக்கு ஓடுமுன் மாதிரி எடுங்கள். முழுக்கக் காய்ந்த இலை வேண்டாம். நோய் பரவத் தொடங்கிய இலையை, ஆரோக்கியமான பகுதியும் சேர்ந்து வரும்படி பறியுங்கள். வாடல் நோயென்றால் வேரோடும் கொஞ்சம் மண்ணோடும் எடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் வியர்த்து அழுகிவிடும், எனவே காகிதத்தில் சுற்றுங்கள். பயிர், ரகம், விதைத்த நாள், நோய் கண்ட நாள், அடித்த மருந்து ஆகியவற்றைச் சீட்டில் எழுதி, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ அருகிலுள்ள வேளாண் கல்லூரியிலோ கொடுங்கள். நேரில் போக இயலாதவர்கள் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.