ராத்திரிப் பசிக்கு என்ன வழி?

சென்னையில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சாப்பாட்டுக் கடை வேண்டும் என்றாலே, 'ஊர் சுற்றுகிறவங்களுக்கா?' என்று கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருக்கும் பெண்கள், லேட்டாக வரும் ரயிலில் கைக்குழந்தையோடு இறங்குகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் பசிக்காதா? போன வருஷம் என் நாத்தனாருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்த நாலு நாளும் பிஸ்கட்டும் தண்ணியும்தான் என் ராத்திரிச் சாப்பாடு.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-லேயே அரசு உத்தரவு போட்டது. ஆனால் நாம் தேடுவது மூணு பேர் நடத்தும் இட்லிக் கடையைத்தானே! பெரிய ஓட்டலில் நடுராத்திரி பிரியாணி கிடைக்கலாம். காய்ச்சல்காரருக்கு அதையா கொடுப்பது? அம்மா உணவகத்தில் சப்பாத்தி ஒன்பது மணியோடு சரி. செல்போனில் ஆர்டர் பண்ணலாமே என்பார்கள். கிராமத்திலிருந்து வந்த பாட்டிக்கு அது தெரியுமா?

மதுரையில் நடுராத்திரியிலும் சுடச்சுட இட்லி கிடைப்பது அந்த ஊருக்கே பெருமை. தூங்கா நகரம் என்று பாராட்டுகிறோம். இங்கே மட்டும் சின்னக் கடைக்காரர் ஏன் போலீஸ் விசிலுக்குப் பயந்து அடுப்பை அணைக்க வேண்டும்?

அரசு ஆஸ்பத்திரி வாசல், சென்ட்ரல், எழும்பூர், கிளாம்பாக்கம் பஸ் நிலையம் இங்கேயாவது மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இரவுக் கடை நடத்த அனுமதி கொடுக்கட்டும். கூடவே நல்ல விளக்கு, போலீஸ் ரோந்து, சுத்தமான கழிப்பறை. பாதுகாப்புக்காகத்தான் கடையை மூடச் சொல்கிறோம் என்கிறார்கள். நாலு பேர் நடமாடும் தெருவில் நமக்குப் பயம் குறையுமா, கூடுமா? நீங்களே சொல்லுங்கள் தோழிகளே!

- ஓர் இல்லத்தரசி, பெரம்பூர், சென்னை