நானோகுழாய்க்கு ஆசிட் குளியல் எதுக்கு?

கீழடிப் பானை ஓட்டின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய் இருப்பதா 2020-ல் ஆய்வுக் கட்டுரை வந்ததும் எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம். சரி, அம்பத்தூர், ஆவடி பக்கம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல அதே குழாயை என்ன பண்றோம்? கொத்துக் கொத்தா ஒட்டிக்குதுன்னு நைட்ரிக், சல்ஃப்யூரிக் ஆசிட்ல கொதிக்க வைக்கிறோம். பிரியும்தான். ஆனா சுவர் சிதைஞ்சு மின்கடத்தல் அடிவாங்கும். எபாக்ஸிக்கு வலு சேர்க்க மட்டும்னா பரவாயில்லை, சென்சாருக்குன்னா வேண்டாங்க.

பி3ஹெச்டி மாதிரி காஞ்சுகேட்டட் பாலிமர் குழாயைக் கொடியாட்டம் சுத்திக்கும், பிணைப்பை உடைக்காது. பக்கக்கிளையில அசைடு தொகுதி இருந்தா, வேண்டிய மூலக்கூறைப் பிறகு அதில் மாட்டிக்கலாம். விலை கடிக்கும், ஒத்துக்கறேன். அடுத்த ரிவ்யூல கைடுகிட்ட ஒண்ணு கேளுங்க: ஆசிட்டுக்கு முன்னயும் பின்னயும் ராமன் ஸ்பெக்ட்ரத்துல டி/ஜி விகிதம் எவ்வளவு?