கொழுந்தின் ஈரமும் கூரையின் ஈரமும்

வெப்பவியக்கவியல் இயந்திரப் பொறியியலாளருக்குரிய பாடம். ஏனையோர் அதனைப் பரீட்சைக்காகக் கற்றுப் பின்னர் மறந்துவிடலாம் என்றொரு கருத்து பொறியியல் மாணவரிடையே வேரூன்றி நிற்கிறது. பாடநூல்களும் இதற்கு உடந்தை. நீராவி இயந்திரத்தில் தொடங்கி நீராவி அட்டவணையில் முடியும் நூலைப் படித்தவர் வேறென்ன எண்ணுவார்?

தலவாக்கலைத் தோட்டமொன்றின் ஸ்டோருக்குள் இக்கருத்து நில்லாது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும்; எஞ்சிய மூன்றரைக் கிலோவும் பெரும்பாலும் நீராகவே வெளியேறுகிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோயூல் தேவை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், காற்று ஈரத்தால் நிறைந்திருக்கையில், விசிறி எவ்வளவு சுழன்றாலும் கொழுந்து எளிதில் வாடாது; காற்றைச் சில பாகை சூடாக்கினால் அதன் சாரீரப்பதன் குறைந்து வாடத் தொடங்கும். இது இரசாயனப் பொறியியலா, இயந்திரப் பொறியியலா? கொழுந்து அதனைக் கேட்பதில்லை.

முதலாம் விதியை மட்டும் அறிந்தவர் விறகின் வெப்பம் எங்கும் அழியவில்லை என்று கணக்குக் காட்டிவிடலாம். இரண்டாம் விதி அவரை விடாது. அடுப்பில் தீ பல நூறு பாகையில் எரிய, உலர்த்திக்குள் செல்லும் காற்றோ 100 பாகை செல்சியஸ் அளவே. அந்த இறக்கத்தில் பெற்றிருக்கக்கூடிய வேலை பெறப்படாமலே போகிறது. விசிறியை ஓட்டுவதற்கோ மின்சாரம் விலைக்கு வாங்கப்படுகிறது.

அதே ஊரில் மேல் கொத்மலைத் திட்டத்தின் அணை இருக்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய அதன் மின்னிலையம் 150 மெகாவாற்று வலுவுடையது. அங்கே எரிப்பதற்கு ஏதுமில்லை, ஆதலால் வெப்பவியக்கவியலுக்கும் வேலையில்லை என்பர் சிலர். அணைக் கொங்கிரீற்று இறுகுகையில் சீமெந்து வெளிவிடும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தாவிடின் வெடிப்பு உண்டாகும். நிலைமாற்றி தாங்கக்கூடிய சுமையை அதன் சுருள்களும் எண்ணெயும் அடையும் வெப்பநிலையே வரையறுக்கிறது.

எனினும் இந்த அலட்சியத்தின் கொடிய சான்று லயமே. தகரக் கூரை இரவில் வானுக்கு வெப்பத்தை இழந்து குளிர்கிறது. மூச்சின் ஈரமும் சமையல் ஆவியும் அதன் அடிப்பக்கத்தில் ஒடுங்கித் துளியாகச் சொட்டுகின்றன. குளிருக்கு அஞ்சி யன்னலை அடைத்தால் விறகடுப்பின் புகை உள்ளேயே தங்குகிறது. தேயிலைக்கென 1925இல் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கிறது. கொழுந்தைச் சூழ்ந்த காற்றின் ஈரமும் வெப்பமும் ஸ்டோர்களில் அளக்கப்படுகின்றன. அக்கொழுந்தைப் பறித்தவள் உறங்கும் காம்பராவின் காற்றை அளப்பார் எவருமிலர். கூரைக்கடியில் ஒரு மரத்தட்டும், புகை போக ஒரு வழியும் அமைப்பதற்குப் பெருங்கணக்கு வேண்டியதில்லை. வரைபடம் வரைந்தவர்கள் அந்தச் சிறுகணக்கைக்கூடத் தமக்குரியதாகக் கருதவில்லை.