கோப்பை ஜெயித்த அணி எங்கே?

அவிநாசி, திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு கேள்வி. உங்கள் அப்பாவோ, அம்மாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ பனியன் கம்பெனிக்குப் போகிறார்களா? அப்படியானால் விளையாட்டு வீரர்கள் போடும் ஜெர்சி எப்படி உருவாகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். துணியை வெட்டி, தைத்து, பிசிறு வெட்டி, அயர்ன் செய்து, பெட்டியில் அடுக்கி அனுப்புகிறார்கள். அந்த ஜெர்சியின் நெஞ்சில் பெரும்பாலும் எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு கிளப்பின் சின்னம்தான் இருக்கும்.

சரி, நம் பக்கத்து மைதானத்தில் ஆடிய ஒரு கிளப், இந்தியாவிலேயே முதலிடம் பிடித்த கதை தெரியுமா? அதைவிட முக்கியமான கேள்வி, அந்த கிளப் இப்போது எங்கே?

இதை ஏன் இப்போது கேட்கிறோம்?

2025-இல் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும். நம் நாட்டின் பெரிய கால்பந்துப் போட்டி 'இந்தியன் சூப்பர் லீக்'. வழக்கமாக செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும். ஆனால் 2025 ஜூலையில், அடுத்த பருவத்தை நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது. போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. சில கிளப்புகள் வீரர்களுக்குச் சம்பளம் தருவதையே நிறுத்தி வைத்தன. 2025-ஆம் ஆண்டு முடியும்வரை ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. போட்டி 2026 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.

இவ்வளவு பெரிய போட்டி ஒரு கையெழுத்து இல்லாமல் நின்றுபோகுமா என்று ஆச்சரியமாக இருக்கிறதா? ஒரு கிளப் எப்படி வாழ்கிறது, எப்படித் தேய்கிறது என்று தெரிந்தால் இதுவும் புரிந்துவிடும். அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். அவிநாசியில் பஸ் ஏறி, கருமத்தம்பட்டி, நீலாம்பூர் வழியாக அவிநாசி ரோட்டிலேயே சுமார் 40 கிலோமீட்டர் போனால் போதும். கோவை நேரு ஸ்டேடியம் வந்துவிடும்!

2019 மார்ச் 9, சனிக்கிழமை

அன்று உங்களில் பலர் பள்ளியிலேயே சேர்ந்திருக்க மாட்டீர்கள். நேரு ஸ்டேடியத்தில் 'ஐ-லீக்' போட்டியின் கடைசி நாள் ஆட்டம். ஆடியது சென்னை சிட்டி எஃப்.சி. எதிரணி, அதற்கு முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாப்.

"கோவையில் ஆடும் அணிக்குச் சென்னை என்று பெயரா?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். 1946-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய கிளப் இது. 2016 டிசம்பரில் இதற்கு ஐ-லீக்கில் இடம் கிடைத்தது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஏற்கெனவே சென்னையின் எஃப்.சி. ஆடிக்கொண்டிருந்தது. இந்த அணி கோவையைத் தன் சொந்த மைதானமாக்கிக் கொண்டது. முதல் இரண்டு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பக்கம்தான் இருந்தது. மூன்றாவது பருவத்தில் எல்லாம் மாறியது.

சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினிலிருந்து வீரர்கள் வந்தார்கள். அவர்களில் பெட்ரோ மான்சி மட்டும் அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார்! கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழகப் பையன்களும் கலக்கினார்கள்.

கடைசி நாளுக்கு வருவோம். லீக் போட்டியில் வென்றால் 3 புள்ளி, டிரா செய்தால் 1 புள்ளி. அன்று காலை சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலிடம் 39. ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி வென்றால் கோப்பை. தவறினால், ஈஸ்ட் பெங்கால் முந்திக்கொள்ளலாம்.

ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது! ஸ்டேடியமே கப்சிப். இடைவேளை வரை 0-1. பிறகு ஒரு பெனால்டி கிடைத்தது. மான்சி அடித்தார், 1-1. அடுத்து அசாமைச் சேர்ந்த கௌரவ் போரா ஒரு கோல் போட்டார். முடியும் நேரத்தில் அவரே இன்னொன்றும் போட்டார். இத்தனைக்கும் அவர் தடுப்பாட்டக்காரர்!

3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆனால் பயனில்லை. 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், தமிழகத்திலிருந்து ஐ-லீக் கோப்பையை வென்ற முதல் அணியானது சென்னை சிட்டி. கோப்பையைத் தூக்கிய இடம் நம் கோவை!

அதற்குப் பிறகு?

இங்கேதான் கதை திரும்புகிறது. பள்ளியில் முதல் ரேங்க் எடுத்தால் அடுத்த வகுப்புக்குப் போவீர்கள். ஐ-லீக்கில் முதலிடம் பிடித்த அணி? எங்கும் போக முடியவில்லை. 2019-20 பருவத்திலிருந்து இந்தியன் சூப்பர் லீக்தான் நாட்டின் முதன்மைப் போட்டி என்று ஆகிவிட்டது. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே ஏறும் படி அப்போது போடப்படவில்லை. 2023-இல்தான் அந்தப் படியில் முதன்முதலாக பஞ்சாப் எஃப்.சி. ஏறியது. நம் அணி வென்றது அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு!

நல்ல வீரர்களைப் பெரிய அணிகள் அழைக்கும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். நெஸ்டர் கோர்டில்லோ ஹைதராபாத் அணிக்குப் போனார். வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். மான்சி 2020-இல் ஜப்பானுக்கே போய்விட்டார்.

ஐ-லீக்கை வென்றதால் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் ஆடும் பெருமை கிடைத்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைன் நாட்டு ரிஃபா அணியோடு ஆட்டம். ஆனால் அது கோவையில் நடக்கவில்லை, ஆமதாபாத்தில் நடந்தது. 0-1 என்று தோல்வி. கோவை ரசிகர்கள் டி.வி.யில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது கொரோனா. 2020 மார்ச்சில் எல்லா ஆட்டங்களும் நின்றன. 2020-21 ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்திலேயே நடந்தது. கோவையில் ஓர் ஆட்டமும் இல்லை. சென்னை சிட்டி பட்டியலின் கீழ்ப்பாதியில் முடித்தது. அதன் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. கோப்பை வென்று இரண்டே ஆண்டுகள்!

82 ஆண்டுகள் காத்திருந்த ஊர்

இப்போது ஒரு பெரிய தாவல். ஐரோப்பாவின் நடுவில் செக் குடியரசு என்று ஒரு நாடு. அங்கே ஐஸ் ஹாக்கி என்றால் உயிர். உறைந்த பனித்தரையில் சறுக்குக் காலணி போட்டுக்கொண்டு, பந்துக்குப் பதில் ரப்பர் வில்லையை அடித்து ஆடும் ஆட்டம் இது. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்.

அந்த நாட்டின் கிழக்கு ஓரத்தில், போலந்து எல்லை அருகே ட்ரினெட்ஸ் என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை சுமார் 35 ஆயிரம்தான். கிட்டத்தட்ட நம் அவிநாசி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! திருப்பூருக்குப் பனியன் போல அந்த ஊருக்கு உருக்கு. 1839-இல் தொடங்கிய உருக்காலை இன்றும் ஓடுகிறது. 1929-இல் அங்கே ஐஸ் ஹாக்கி கிளப் உருவானது. அதன் இன்றைய பெயருக்கே 'உருக்காலைக்காரர்கள்' என்றுதான் பொருள். அணியைத் தாங்கி நிற்பதும் அதே ஆலைதான்.

இந்த அணி முதன்முதலாக நாட்டின் சாம்பியன் ஆனது எப்போது தெரியுமா? 2011-இல்! தொடங்கி 82 ஆண்டுகள் கழித்து! தாத்தா ஆடி, அப்பா ஆடி, பேரன் ஆடும்போதுதான் கோப்பை வந்தது என்று சொல்லலாம். இடையில் கீழ்மட்டப் போட்டிகளிலும் கிடந்தார்கள். 1995-இல் முதல்மட்ட லீக்குக்கு ஏறினார்கள். 2014-இல் 5,000 பேருக்கு மேல் உட்காரும் புது அரங்கம் வந்தது. பிறகு பாருங்கள்: 2019, 2021, 2022, 2023, 2024 என்று கோப்பைகளாகக் குவிந்தன. 2020-இல் கொரோனாவால் அங்கே சாம்பியனே கிடையாது!

ஒரு பக்கம், மூன்றாவது பருவத்திலேயே கோப்பை வாங்கி, இரண்டு ஆண்டில் காணாமல் போன அணி. இன்னொரு பக்கம், 82 ஆண்டுகள் கோப்பையே இல்லாமல் நிலைத்து நின்ற அணி. என்ன வித்தியாசம்? திறமையா? இல்லை. சென்னை சிட்டியின் திறமையை நாமே பார்த்தோம். வேர்தான் வித்தியாசம்.

கிளப் என்ன சாப்பிடும்?

ஒரு கிளப்புக்குப் பணம் நான்கு வழிகளில் வரும். ஒன்று, ரசிகர்கள் வாங்கும் டிக்கெட். இரண்டு, ஜெர்சியில் பெயர் போடும் விளம்பரக் கம்பெனிகள். மூன்று, டி.வி.யில் காட்டும் உரிமை. நான்கு, தான் வளர்த்த வீரரைப் பெரிய அணிக்குக் கொடுக்கும்போது கிடைக்கும் தொகை. இவை போதாவிட்டால், கிளப்பின் முதலாளி தன் கைக்காசைப் போட வேண்டும். அவர் களைத்துப்போனால் கிளப்பும் களைத்துப்போகும்.

சென்னை சிட்டிக்கும் உதவி வந்தது. 2019-இல் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பாசல் கிளப் அதன் 26 சதவீதப் பங்கை வாங்கியது. அப்போது அது பெரிய செய்தி. ஆனால் பணம் வெளிநாட்டிலிருந்து வரலாம். வேர் உள்ளூரில்தான் பிடிக்க வேண்டும். பெயர் ஓர் ஊர், மைதானம் இன்னோர் ஊர் என்றால், "இது எங்க அணியுங்க" என்று அடித்துச் சொல்ல எந்த ஊர் முன்வரும்?

நம்பிக்கை தரும் கதையும் தமிழகத்தில் உண்டு. அதே 2019-ஆம் ஆண்டு மே மாதம், மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. பெண்கள் அணி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. அந்த அணி 2024-25 பருவத்திலும் அதே லீக்கில் ஆடியது. கோப்பை வந்த பிறகும் நிலைத்து நிற்க முடியும் என்பதற்கு அக்காமார்களே சாட்சி!

தேரும் அணியும்

அவிநாசித் தேரைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? தமிழகத்தின் பெரிய தேர்களில் ஒன்று. சித்திரையில் அது நகர வேண்டும் என்றால், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் நான்கு பேரால் முடியுமா? ஊர் கூடி வடம் பிடித்தால்தான் சக்கரம் உருளும். விளையாட்டு கிளப்பும் அப்படித்தான். வெளியூரிலிருந்து பத்து வீரர்கள் வந்து ஓர் இழுப்பு இழுத்துக் கோப்பையை வாங்கித் தந்துவிடலாம். ஆனால் அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வடம் பிடிக்க ஊர் வேண்டும்.

இனி ஏதாவது ஒரு புது அணியைப் பற்றிப் பேப்பரில் படித்தால், "எத்தனை கோப்பை?" என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இந்த அணிக்கு நிரந்தர மைதானம் இருக்கிறதா? உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே அணி இருக்கிறதா? நன்றாக ஆடினால் மேலே ஏற வழி இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் அந்த அணி நிலைக்கும் என்று நம்பலாம்.

உங்கள் தெரு அணிக்கும் இதே கேள்விகள்தான். பந்து வாங்கிக் கொடுத்த பையன் கோபித்துக்கொண்டு பந்தோடு வீட்டுக்குப் போனால் ஆட்டம் முடிந்துவிடுகிறது, இல்லையா? ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு எல்லோருக்கும் பொதுவாக ஒரு பந்து வாங்குங்கள். உங்களைவிடச் சின்னப் பிள்ளைகளையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கப் போகும்போது அந்த மைதானத்தில் உங்கள் அணியின் பெயரைச் சொல்லி ஆட ஆள் இருக்க வேண்டுமே!

அப்புறம் ஒரு நாள், அவிநாசியில் தைத்த ஜெர்சியில் அவிநாசி என்றே பெயர் போட்டு ஓர் அணி களம் இறங்கட்டும். கோப்பை மெதுவாக வந்தால் போதும். என்ன, சரிதானே?